சக்கரம் வளைந்தால்

சாலையில் விரைந்து செல்லும் மோட்டார் வண்டி ஒன்று, மழைநீர் தேங்கிய குழியில் இறங்கி ஏறுகிறது. பெரிய விபத்து ஒன்றும் நேரவில்லை. ஆயினும், அதன் பின்னர் வண்டியின் ஓட்டத்தில் ஒரு சிறு நடுக்கம் தோன்றுகிறது. ஓட்டுநர் இறங்கிப் பார்க்கிறார். சக்கரத்தின் விளிம்பு ஓரிடத்தில் மடங்கியிருக்கிறது. பட்டறைக்குச் சென்றால், "தட்டி நிமிர்த்தித் தருகிறேன்" என்கிறார் ஒருவர். "இதைக் கழித்துவிட்டுப் புதியது போடுங்கள்" என்கிறார் மற்றொருவர். முன்னதற்குச் செலவு குறைவு, பின்னதற்கு மிகுதி. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவருக்கு இந்த வேறுபாடு வீட்டு அடுப்பைத் தொடும் வேறுபாடாகும். அந்த வண்டியில் நாளைக் காலையில் ஏறப்போகும் பள்ளிப் பிள்ளைகளுக்கோ, அஃது உயிரைத் தொடும் வேறுபாடாகவும் ஆகிவிடலாம்.

செப்பனிடுவதா, மாற்றுவதா? இந்தக் கேள்வி மோட்டார் வண்டியோடு பிறந்ததன்று. சக்கரம் தோன்றிய நாள்தொட்டு, அதைச் செய்தவனும் ஓட்டியவனும் இந்தக் கேள்வியைக் கேட்டே வந்திருக்கின்றனர். ஆனால் விடை மட்டும் ஒரே விடையாக இருந்ததில்லை. சக்கரம் எந்தப் பொருளால் ஆயிற்றோ, அந்தப் பொருளே விடையையும் வகுத்துத் தந்தது. மரம் ஒரு விடை கூறிற்று. கம்பி வேறொரு விடை கூறிற்று. எஃகும் அலுமினியமும் தத்தமக்குரிய விடைகளைக் கூறின. அவ்விடைகளின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

ஸ்லோவேனியா நாட்டின் தலைநகரான லியுப்லியானாவை அடுத்த சதுப்பு நிலத்தில், 2002ஆம் ஆண்டில் ஒரு மரச்சக்கரம் கண்டெடுக்கப்பட்டது. அதன் வயது ஏறத்தாழ 5,150 ஆண்டுகள் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். ஆரக்கால்கள் இல்லாத அந்தச் சக்கரமும் ஒரே மரத்துண்டில் கடைந்தெடுத்ததன்று. பலகைகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்துச் செய்ததாகும். பல உறுப்புகளைச் சேர்த்து ஒரு வட்டமாக்குவது என்னும் கருத்து அத்துணைப் பழமையானது. பின்னர் ஆரக்கால் சக்கரம் வந்தபோது இக்கருத்து முழு வளர்ச்சி பெற்றது. நடுவே குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றின் முனைகளை இணைக்கும் வட்டைகள், அனைத்தையும் இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டை. இத்தனை உறுப்புகள் சேர்ந்ததே நாம் அறிந்த கட்டைவண்டிச் சக்கரம்.

இத்தகைய சக்கரத்தில் ஓர் ஆரக்கால் முறிந்தால் தச்சர் என்ன செய்வார்? முறிந்த காலைத் தட்டி நிமிர்த்த முயலமாட்டார்; முறிந்த மரம் ஒட்டாது என்பதை அவர் அறிவார். அதற்காகச் சக்கரம் முழுவதையும் எறிந்துவிடவும் மாட்டார். பட்டையைக் கழற்றி, அந்த ஒரு காலை மட்டும் நீக்கி, அதே அளவில் வேறொரு கால் செதுக்கிப் பொருத்துவார். பின்னர்க் கொல்லர், மரவட்டத்தைவிடச் சற்றே சிறிதாகச் செய்த இரும்புப் பட்டையை நெருப்பிலிட்டுப் பழுக்கக் காய்ச்சுவார். வெப்பத்தால் விரிந்த பட்டையைச் சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே நீர் ஊற்றுவார். குளிர்ந்து சுருங்கும் இரும்பு எல்லா மூட்டுகளையும் ஒருசேர இறுக்கிவிடும். ஆக, மரச்சக்கரத்தின் விடை இதுதான்: உறுப்பை மாற்று, உருவைக் காப்பாற்று.

இன்னொரு முன்னேற்பாட்டையும் அக்கால மக்கள் அறிந்திருந்தனர். புறநானூற்றில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வாணிகம் செய்யும் உமணரின் வண்டியை உவமையாகக் கூறுகிறார். பாரம் மிகுந்த அந்த வண்டி மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் செல்ல வேண்டும். இடைவழியில் என்ன நேருமோ என்று அஞ்சி, உமணர் வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பட்டறை தொலைவில் இருக்கும்போது மாற்றுறுப்பு கையில் இருக்க வேண்டும் என்னும் அறிவு, நம் நாட்டில் சங்க காலத்திலேயே வழக்கில் இருந்தது என்பதற்கு இது சான்றாகும். இந்தச் சேம அச்சைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னால் அதன் உறவினர் ஒருவரைச் சந்திக்கப் போகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைக்கிள் வளர்ந்தபோது, கம்பிச் சக்கரம் தோன்றியது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவர், கம்பிகளைக் குடத்தின் நடுவிலிருந்து நேராக விடாமல், அதன் விளிம்பைத் தொட்டுச் செல்லுமாறு சாய்த்துப் பின்னும் முறைக்கு 1874ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மரத்தாலான ஆரக்கால் பாரத்தைத் தாங்கி நிற்பது. மெல்லிய கம்பியோ அவ்வாறு நிற்க இயலாது. அது விளிம்பைக் குடத்தை நோக்கி இழுத்துப் பிடிக்கிறது. எல்லாப் பக்கத்து இழுவையும் ஒத்திருந்தால் விளிம்பு வட்டமாக நிற்கும். ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் கோணும். ஆகவே இச்சக்கரம் சற்றே வளைந்தபோது, சுத்தியலுக்கு வேலை இல்லை; சிறு திருகி ஒன்றே போதும். இன்றும் சைக்கிள் கடைக்காரர் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு கம்பியை இறுக்கியும் ஒரு கம்பியைத் தளர்த்தியும் 'பெண்டு எடுப்பதை' நாம் காண்கிறோம். கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியும் இத்தகைய கம்பிச் சக்கரங்களின் மீதே ஓடிற்று. அதன்படி, மோட்டார் வண்டியின் முதற்சக்கரம் செப்பனிடுவதற்கென்றே அமைந்த சக்கரம் எனலாம்.

இதற்கிடையே, 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். பயணம் மென்மையாயிற்று, ஆனால் ஒரு புதுத்துன்பம் வந்து சேர்ந்தது. குதிரை லாடத்தின் ஆணிகள் சிதறிக் கிடந்த அக்காலச் சாலைகளில் டயர் அடிக்கடி பஞ்சரானது. சக்கரமோ வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. ஓட்டுநர் புழுதியில் மண்டியிட்டு, நெம்புகோலால் டயரைப் பிதுக்கியெடுத்து, ஓட்டையை அடைத்து, மீண்டும் மாட்டி, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். மழையோ இருளோ குறுக்கிட்டால் அவர் நிலை இரங்கத்தக்கது.

இந்தத் துன்பத்துக்கு ஒரு தீர்வு, வேல்ஸ் நாட்டு லனெல்லி என்னும் ஊரில் 1904ஆம் ஆண்டில் பிறந்தது. அங்கே தாமஸ் மாரிஸ் டேவிஸ் என்பவரும் அவர் சகோதரர் வால்ட்டரும், குடமும் ஆரமும் இல்லாத ஒரு வெறும் விளிம்பில் காற்றடைத்த டயரை மாட்டி, அதைப் பழுதுற்ற சக்கரத்தின் பக்கவாட்டில் கவ்விகளால் இறுக்கிவிடும் முறையைக் கண்டனர். பழுதான டயரை அப்போது தொடவே வேண்டியதில்லை. வண்டி சில நிமிடங்களில் நகர்ந்துவிடும். அவர்களுடைய கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அப்பெயரையே அவர்கள் தம் சக்கரத்துக்கும் இட்டனர். அந்தக் கவ்விச் சக்கரம் மறைந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அச்சொல் கடல் கடந்து வந்து, நம் நாட்டில் நிலைத்துவிட்டது. தமிழகத்தின் சாலையோரத்தில் எந்த ஓட்டுநரைக் கேட்டாலும், மாற்றுச் சக்கரத்துக்கு அவர் கூறும் பெயர் ஸ்டெப்னி என்பதே. உமணரின் சேம அச்சுக்கு உறவினர் என்று நான் குறித்தது இதனைத்தான்.

மாற்றும் வசதியின் வல்லமையை உலகுக்கு விளக்கிக் காட்டிய நிகழ்ச்சி, 1906ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரான்சு நாட்டு லெமான் நகருக்கருகே நடந்த கிராண்ட் பிரீ பந்தயமாகும். சாலை வெயிலில் உருகித் தார் பொங்கிற்று; டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. மற்றவர்களில் பலர் டயரை வெட்டியெடுத்துப் புதியது மாட்டிக்கொண்டிருந்தபோது, ரெனோ வண்டியை ஓட்டிய ஹங்கேரி நாட்டினரான பெரென்ஸ் சிஸ், மிஷலின் நிறுவனம் செய்த கழற்றும் விளிம்புகளைப் பயன்படுத்தினார். காற்றடைத்த டயரோடு கூடிய விளிம்பு முழுவதையும் சில திருகுமரைகளை நீக்கிக் கழற்றிவிட்டு, வேறொன்றை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். வெற்றி அவருக்கே கிட்டியது. அதன்பின் சக்கரம் முழுவதையுமே எளிதில் கழற்றி மாட்டும் அமைப்புகள் விரைவில் பரவின.

இங்கே ஓர் உண்மையை நாம் கருத வேண்டும். கையில் மாற்றுச் சக்கரம் இருப்பது, பழுதான சக்கரம் என்னாவது என்னும் கேள்விக்கு விடையாகாது. ஆனால் அக்கேள்வியை நடுச்சாலையிலிருந்து பட்டறைக்குக் கொண்டுசென்றது அதுவே. இருட்டில், அவசரத்தில், அச்சத்தில் செய்ய வேண்டியிருந்த முடிவை, வெளிச்சத்தில் நிதானமாகச் செய்யும் வாய்ப்பை ஸ்டெப்னி நமக்குத் தந்தது.

அடுத்து வந்தது எஃகு. ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்ற 'மாடல் டி' வண்டிகளில் பெரும்பாலானவை, ஹிக்கரி என்னும் வன்மரத்தால் ஆன ஆரக்கால்களோடுதான் ஓடின. ஆனால் எஃகுத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி ஒரே அடியில் வட்டாக்கவும், நீண்ட எஃகுப் பட்டையை வளைத்துப் பற்றவைத்து விளிம்பாக்கவும் பொறியியலார் கற்றபின், மரச்சக்கரத்தின் காலம் முடிந்தது. ஒன்றுபோல் ஒன்றாக ஆயிரக்கணக்கில் சக்கரங்கள் வெளிவந்தன, விலை குறைந்தது. நம் நாட்டிலும், 1960ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற வீல்ஸ் இந்தியா நிறுவனம் சென்னையை அடுத்த பாடியில் தொழிற்சாலை அமைத்து, எஃகுச் சக்கரங்களைச் செய்யலாயிற்று.

எஃகு வளைந்து கொடுக்கும் இயல்புடையது. அடிபட்டால் அது முறிவதற்கு முன் மடங்கும். மடங்கிய விளிம்பைச் சுத்தியலாலோ அழுத்தும் பொறியாலோ மீண்டும் நிமிர்த்தலாம். தலைமுறை தலைமுறையாக நம் பட்டறைக் கம்மியர் இதைச் செய்துவருகின்றனர். அவர்களுடைய கைத்திறத்தை யாரும் குறைத்து மதிப்பிடலாகாது. ஆனால் எஃகும் எல்லையற்ற பொறுமை உடையதன்று. ஓர் இரும்புக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பாருங்கள். முதலில் எளிதாக வளையும்; பின்னர் அவ்விடம் விறைக்கும்; இறுதியில் ஒடியும். வளைப்பதும் நிமிர்த்துவதும் உலோகத்துக்கு ஒன்றே. இரண்டும் அதன் பொறுமையில் ஒரு பங்கைச் செலவழிக்கின்றன.

இதைவிட நுட்பமான ஆபத்தொன்றும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் வளைவு சிறிதும் இல்லாமலே உலோகம் முறியக்கூடும். இதை மனிதகுலம் பெருந்துயரின் வாயிலாகவே கற்றது. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்செயில் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த புகைவண்டியின் எஞ்சினில் ஓர் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பற்றிக்கொண்டன. கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால், ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடல்களை ஆராய்ந்து பத்திரமாகத் திரும்பிய தும்மோன் துர்வில் என்னும் கடலோடி, தம் மனைவியோடும் மகனோடும் அங்கே உயிர்நீத்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் முறிந்தது? இக்கேள்வியை ராங்கின் என்னும் ஸ்காட்லாந்துப் பொறியியலார் ஆராய்ந்தார். பின்னர் ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர், அச்சுகளைப் பொறியிலிட்டு இலட்சக்கணக்கான முறை சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் உலோகத்தை முறிக்கப் போதாத சிறு பாரமும், திரும்பத் திரும்பத் தாக்கினால் காலப்போக்கில் முறித்துவிடும் என்பதை அவருடைய சோதனைகள் நிறுவின. இதை உலோகக் களைப்பு என்கிறோம். மயிரிழை போன்ற ஒரு விரிசல் தோன்றி, ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது வளர்ந்து, ஒரு நாள் திடீரென்று முடிவுக்கு வருகிறது.

இப்பாடம் பழங்கதையாகிவிடவில்லை. 1998ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள், ஜெர்மனியின் எஷெடே என்னும் ஊரருகே அதிவேக ரயில் ஒன்றின் சக்கரத்தில் வெளிவளையம் களைப்பினால் உடைந்தது. 101 பேர் உயிரிழந்தனர். விரிசல் அந்த வளையத்தின் உட்புறத்தில், பார்வைக்கு எட்டாத இடத்தில் தொடங்கியிருந்தது. சக்கரத்தை வெளியே மட்டும் பார்த்து "நன்றாயிருக்கிறது" என்று கூறுவது எத்துணைப் பெரிய பிழையாகக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இறுதியாக அலுமினியத்துக்கு வருவோம். எத்தோர் புகாட்டி 1924ஆம் ஆண்டில் லியோன் நகரப் பந்தயத்தில் களமிறக்கிய 'டைப் 35' என்னும் வண்டி, வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு வந்தது. பந்தய வண்டிகளுக்கு உரியதாயிருந்த அச்சக்கரம், பின்னர்ப் படிப்படியாகப் பொதுமக்கள் வண்டிகளிலும் பரவி, இக்காலத்தில் 'அலாய் வீல்' என்ற பெயரில் எங்கும் காணப்படுகிறது. தோற்றம் அழகு, எடை குறைவு. ஆயினும் அடிபட்டால் இதன் இயல்பு எஃகின் இயல்பன்று.

அலுமினியக் கலவையின் வலிமை எங்கிருந்து வருகிறது? 1906ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆல்பிரட் வில்ம் என்னும் அறிஞர் இதைத் தற்செயலாகக் கண்டார். ஓர் அலுமினியக் கலவையைச் சூடாக்கி, நீரில் திடீரெனக் குளிரவைத்து, அதன் கடினத்தை அளந்தார். சில நாள் கழித்து மீண்டும் அளந்தபோது, யாரும் தொடாமல் வைத்திருந்த அந்தத் துண்டு முன்னைவிடக் கடினமாயிருந்தது! கலவைக்குள் நுண்ணிய துகள்கள் தாமே உருவாகி அதனை வலுப்படுத்துகின்றன என்பது பின்னர் விளங்கிற்று. இன்றைய வார்ப்புச் சக்கரங்கள் பெரும்பாலும் சிலிக்கனும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தால் ஆனவை. அவற்றையும் ஏறத்தாழ 540 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, குளிர்வித்து, பின்னர் அளவான வெப்பத்தில் பல மணி நேரம் பதப்படுத்தியே வலிமையூட்டுகின்றனர். அதாவது, அச்சக்கரத்தின் வலிமை அதன் உருவத்தில் மட்டுமன்று. அது பெற்ற பதத்திலும் இருக்கிறது.

இப்போது ஒரு பட்டறையில், வளைந்த அலாய்ச் சக்கரத்தைத் தீச்சுடரால் வாட்டி இளக்கி நிமிர்த்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உருவம் வட்டமாகிவிடும்; பதமோ அவ்விடத்தில் அழிந்துவிடும். கொல்லர் இரும்பின் சூட்டை அதன் நிறத்தால் அறிவார். சிவந்தது, வெளுத்தது என்று கண்டு கையை அளப்பார். அலுமினியமோ உருகும் வரையிலும் நிறம் மாறிக் காட்டுவதில்லை. எச்சரிக்கை செய்யாத உலோகம் அது. சூடாக்காமல் வலிந்து நிமிர்த்தினாலோ, எஃகைப் போல் தாராளமாக வளைந்து கொடுக்காமல் விரிசல் விடக்கூடும். இக்காரணங்களால்தான் சக்கர உற்பத்தியாளர் பலர், வளைந்த அலாய்ச் சக்கரத்தைச் சூடாக்கி நிமிர்த்துவதையும் பற்றவைப்பதையும் ஏற்பதில்லை.

டியூப் இல்லாத டயர்கள் 1950-களில் பரவியதும் சக்கரத்தின் பொறுப்பு மேலும் கூடிற்று. டியூபு இருந்த காலத்தில் காற்றைக் காத்தது டியூபு. விளிம்பு சற்று நெளிந்திருந்தாலும் காற்று போகாது. டியூபு நீங்கியபின், டயரும் விளிம்பும் பொருந்தும் இடமே காற்றின் கதவாயிற்று. அங்கே நேரும் சிறு நெளிவும் காற்றைக் கசியவிடும்.

அவ்வாறாயின், நாம் தொடக்கத்தில் கண்ட வாடகை வண்டியின் உரிமையாளர் என்ன செய்வது? முதலில், நடுங்கும் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிக்கொள்ள வேண்டும். பின்னர் டயரை நீக்கி, சக்கரத்தை உள்ளும் புறமும் துடைத்துப் பார்க்க வேண்டும். முற்காலத்து ரயில்வேத் தொழிலாளர் அச்சுகளில் எண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணப்பொடி பூசுவர். விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெண்மையின்மேல் கசிந்து கோடாகத் தெரியும். இக்காலத்தில் அதே முறையைச் செந்நிறச் சாயத்தால் செய்கின்றனர். விரிசல் இருந்தால், எந்த உலோகமாயினும் வாதத்துக்கு இடமில்லை; சக்கரத்தைக் கழித்துவிட வேண்டும். ஆரம், நடுவட்டு, திருகுமரைத் துளைகள் ஆகிய இடங்களில் வளைந்திருந்தாலும் அவ்வாறே. எஃகுச் சக்கரத்தில் விளிம்பின் ஓரம் மட்டும் சிறிது மடங்கி, விரிசலும் இல்லையென்றால், தேர்ந்த கம்மியர் அதனை நிமிர்த்தலாம். நிமிர்த்தியபின் அளவுமானியை வைத்துச் சுழற்றி, வட்டம் உற்பத்தியாளர் வகுத்த அளவுக்குள் நிற்கிறதா என்று காண வேண்டும். ஒரு முறை நிமிர்த்திய இடமே மீண்டும் வளைந்தால், மறுபடியும் நிமிர்த்துதல் ஆகாது. அலாய்ச் சக்கரமாயின், செய்தவரின் அறிவுரையே முடிவு. ஐயம் இருந்தால் மாற்றுவதே முறை.

மரச்சக்கரத்தின் தச்சர் முறிந்த ஆரக்காலைத் தட்டிப் பார்க்கவில்லை. நல்ல வட்டைகளை எறியவும் இல்லை. அவருக்குத் தம் மரத்தின் இயல்பு தெரிந்திருந்தது. சிக்கனம் என்பது எதையும் எறியாமல் வைத்துக்கொள்வதன்று; எதை வைத்துக்கொள்ளலாம், எதை வைத்துக்கொள்ளலாகாது என்று அறிவதாகும். நம்மில் பொறியியல் கற்கப்போகும் மாணவர் சிலர் நாளை இத்தகைய முடிவுகளைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பர். அப்போது, வளைந்த சக்கரத்தைக் கையிலேந்தி நிற்பவரின் வறுமையையும் மறவாமல், அவர் வண்டியில் ஏறப்போகும் பிள்ளைகளையும் மறவாமல், அந்த உலோகத்தின் இயல்பை அறிந்து விடை சொல்லுங்கள்.